லண்டனுக்கும் பாரிசுக்கும் எவ்வளவு தூரம்?

லண்டனிலிருந்து பாரிசுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், வரைபடத்தை வைத்துக்கொண்டு 344 கிலோமீட்டர் என்பார் ஒருவர். கார் ஓட்டிப் போனவர் 460 என்பார். ரயில்வேக்காரரின் கணக்கில் அது 492. நேரத்தைக் கேட்டால் இன்னும் பல பதில்கள் வரும். விமானச் சீட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று இருக்கும். விமானம் தரையை விட்டு மேலே இருப்பது ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான். லண்டனின் ஈஸ்ட்ஹாமில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாரிஸின் லா சப்பலில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டால், அரை நாள் போய்விடும் என்பார்கள். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் மிக அதிகமாக அளக்கப்பட்ட இடைவெளிகளில் இது ஒன்று. சங்கிலியாலும் கண்ணாடிக் குழாயாலும் அளந்திருக்கிறார்கள். இறக்கையாலும் தண்டவாளத்தாலும் அளந்திருக்கிறார்கள். அந்த அளவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பயணிக்கு எது உண்மையில் பயன்படும் என்று தீர்மானிப்பதே இக்கட்டுரையின் வேலை.

கோட்டின் நீளம்

முதலில் தூரம். ஒரு நகரம் என்பது புள்ளி அல்ல. அதனால் எங்கிருந்து எங்கே என்பதை முடிவு செய்யாமல் அளக்க முடியாது. லண்டனுக்கு வழக்கமாகச் சாரிங் கிராஸ் சந்திப்பையும் பாரிசுக்கு நோத்ருதாம் பேராலயத்தின் முன்வாசலையும் மையமாகக் கொள்வார்கள். இரண்டு நாட்டுச் சாலைத் தூரங்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இந்த இரண்டு புள்ளிகளுக்கும் அட்சரேகையில் சுமார் 2.65 பாகை வேறுபாடு. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால், தெற்கு நோக்கி 295 கிலோமீட்டர் இறங்க வேண்டும். தீர்க்கரேகையில் 2.48 பாகை வேறுபாடு. ஆனால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவரும். 50 பாகை அட்சரேகையில் ஒரு பாகையின் அகலம் 71 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. எனவே கிழக்கு நோக்கி 176 கிலோமீட்டர். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டாலே 344 கிலோமீட்டர் கிடைக்கும். பூமி உருண்டை என்பதற்கான கோள முக்கோணவியல் சூத்திரத்தைப் போட்டாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் விடை பெரிதாக மாறாது. லண்டனிலிருந்து நியூயார்க் என்றால்தான் தட்டையான வரைபடம் நம்மை ஏமாற்றும்.

விமானம் சாரிங் கிராஸில் ஏறி நோத்ருதாமில் இறங்குவதில்லை. ஹீத்ரோவிலிருந்து சார்ல் த கோல் நிலையத்துக்கு நேர்கோட்டில் 347 கிலோமீட்டர், அதாவது 188 கடல்மைல். கட்விக்கிலிருந்து அதே சார்ல் த கோலுக்கு 308 மட்டுமே. வடக்கே இருக்கும் லூட்டனிலிருந்து 380. மூன்று சீட்டிலும் 'லண்டன் – பாரிஸ்' என்றுதான் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே பெயரின் கீழ் 72 கிலோமீட்டர் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

அளந்த கதை

இந்த இடைவெளியை அறிவியல் முறையில் அளக்கும் முயற்சி ஒரு சண்டையில் தொடங்கியது. கிரீனிச் வானாய்வகத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சரியாகக் கணக்கிடப்படவில்லை என்று பிரெஞ்சு வானியலாளர் காஸ்ஸினி த துரி 1783இல் ஒரு குறிப்பு அனுப்பினார். ஆங்கிலேயருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் சொன்ன யோசனை நல்லது என்பதை ஒப்புக்கொண்டார்கள்: கிரீனிச்சையும் பாரிஸ் வானாய்வகத்தையும் முக்கோணச் சங்கிலியால் இணைத்துவிடலாம் என்பதே அந்த யோசனை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பணம் கொடுத்தார். பொறுப்பு ஜெனரல் வில்லியம் ராய் என்பவரிடம் வந்தது.

முக்கோணச் சங்கிலிக்கு ஒரே ஒரு பக்கத்தையாவது தரையில் நேரடியாக அளந்தாக வேண்டும். மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். அந்த ஆதாரக் கோட்டுக்காக ராய் தேர்ந்தெடுத்தது லண்டனுக்கு மேற்கே இருந்த ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற பரந்த வெட்டவெளி. 1784இல் முதலில் மரக் கோல்களை வைத்து அளந்தார்கள். ஈரத்தில் மரம் நீண்டும் குறுகியும் கைவிட்டது. அதன்பின் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து அளந்தார்கள். கிடைத்த நீளம் 27,404 அடி, ஏறத்தாழ 8.35 கிலோமீட்டர். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்து கொடுத்த பெரிய தியோடலைட் கோணங்களை அளந்தது. 1787இல் ஆங்கிலக் கால்வாயின் மறுகரையிலிருந்து காஸ்ஸினியின் மகன், மெஷென், லெஜாந்தர் ஆகிய பிரெஞ்சு அறிவியலாளர்கள் கைகோத்தார்கள். 1790இல் வேலை முடிந்தது. அதே ஆண்டில் ராயும் மறைந்தார்.

அந்த ஆதாரக் கோட்டின் வடமேற்கு முனையைக் குறிக்க மண்ணில் புதைத்த பீரங்கிக் குழாய் ஒன்று இன்றும் இருக்கிறது. அது இருப்பது ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்கு ஓரச் சாலை அருகே. லண்டனுக்கும் பாரிசுக்கும் உள்ள தூரத்தை அளக்கத் தொடங்கிய அதே நிலத்திலிருந்துதான் இன்றைக்குப் பாரிஸ் விமானங்கள் கிளம்புகின்றன.

ராயின் பணி தமிழ்நாட்டையும் தொட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்ட வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே தம் ஆதாரக் கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோணவியல் அளவைப் பணிக்கு அதுவே தொடக்கம். சென்னை விமான நிலையமும் அந்த மலைக்குப் பக்கத்தில்தான் அமைந்தது. நில அளவைக்காரரும் விமான நிலையம் கட்டுபவரும் தேடுவது ஒன்றையே: மேடு பள்ளம் இல்லாத நீண்ட சமவெளி.

இரண்டரை மணி நேரத்தில் தொடங்கியது

ஹவுன்ஸ்லோ ஹீத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1919 ஆகஸ்ட் 25ஆம் தேதி உலகின் முதல் அன்றாடப் பன்னாட்டு விமானச் சேவை அங்கிருந்து பாரிசின் ல பூர்ஜே நிலையத்துக்குத் தொடங்கியது. ஏர்கிராஃப்ட் டிரான்ஸ்போர்ட் அண்ட் டிராவல் என்ற நிறுவனம் நடத்தியது. போரில் குண்டு போட்ட டி ஹாவிலண்ட் விமானத்தையே மாற்றியமைத்திருந்தார்கள். பயணி ஒரே ஒருவர், ஒரு செய்தியாளர். அவரோடு செய்தித்தாள்கள், டெவன்ஷயர் பாலாடை, காட்டுக்கோழிகள். பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது.

அப்போதெல்லாம் விமானிகள் கீழே தெரியும் சாலையையும் ரயில் பாதையையும் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். இதன் விலை 1922 ஏப்ரல் 7ஆம் தேதி தெரிந்தது. மூடுபனியில் பிகார்தி பகுதியின் மேல், ஒரே சாலையை எதிரெதிர்த் திசையில் பின்பற்றி வந்த ஒரு பிரிட்டிஷ் விமானமும் ஒரு பிரெஞ்சு விமானமும் மோதிக்கொண்டன. ஏழு பேர் இறந்தார்கள். பயணி விமானங்கள் இரண்டு வானில் மோதிய முதல் விபத்து அது. அதற்குப் பிறகுதான் போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்று பாதைகள் வகுக்கப்பட்டன. விமானம் நேர்கோட்டை விட்டு விலகிப் பறக்கத் தொடங்கிய கதை இங்கிருந்து ஆரம்பிக்கிறது. பாதுகாப்புக்காகத் தூரம் கொஞ்சம் நீண்டது.

இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனின் க்ரொய்டனிலிருந்து 1930களில் ஓட்டிய எச்.பி.42 என்ற, நான்கு எஞ்சினும் இரண்டு அடுக்கு இறக்கையும் கொண்ட விமானம் சொகுசுக்குப் பேர்போனது. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950 ஜூலை 29ஆம் தேதி பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸின் வைக்கர்ஸ் வைக்கவுண்ட் விமானம் நார்த்தோல்ட்டிலிருந்து ல பூர்ஜேவுக்குப் பறந்தது. சுழலி எஞ்சின் பொருத்திய விமானம் கட்டணப் பயணிகளை ஏற்றிச் செய்த முதல் பயணம் அதுதான். 1965 ஜூன் 10ஆம் தேதி ல பூர்ஜேவிலிருந்து வந்த டிரைடென்ட் விமானம் ஹீத்ரோவில் தானியங்கிக் கருவியின் துணையோடு தரை தொட்டது. பயணிகளோடு நடந்த முதல் தானியங்கி இறக்கம் அது. மூடுபனி லண்டன் விமானங்களைப் பல மணி நேரம் முடக்கிய காலத்தில், வேகத்தைக் கூட்டியதைவிட அந்தக் கண்டுபிடிப்பே பயண நேரத்தை நம்பத் தகுந்ததாக்கியது.

வானில் முக்கால் மணி

இன்றைய விமானத்துக்கு வருவோம். ஏர்பஸ் ஏ320 வகை விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 347 கிலோமீட்டரை 830ஆல் வகுத்தால் 25 நிமிடம். அட்டவணையில் போட்டிருப்பதோ ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில். மிச்ச நேரம் எங்கே போகிறது?

முதல் காரணம், விமானம் அந்த வேகத்தில் பறப்பது சிறிது நேரமே. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர்தான் பொதுவான உச்ச வேகம். ஏறுவதற்குக் கால் மணி நேரம், இறங்குவதற்கு இருபது நிமிடம் என்றால், நடுவில் சமமாகப் பறக்கும் நேரம் தேநீர் கொடுக்கவே போதாது. நீண்ட தூர விமானங்கள் எட்டும் உயரத்துக்கு இது ஏறுவதும் இல்லை. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, திசை. பாரிஸ் இருப்பது லண்டனுக்குத் தென்கிழக்கே. விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். லண்டனில் பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே ஹீத்ரோவின் ஓடுபாதையிலிருந்து விமானம் முதலில் பாரிசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே கிளம்பி, பிறகு திரும்புகிறது. பாரிஸில் ஓடுபாதைக்கு நேராக வந்து சேர மறுபடி ஒரு சுற்று. இப்படி வளைவதில் கூடும் தூரத்தைச் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே ஒப்புக்கொள்கிறது. அதன் கரியமில வாயுக் கணக்கில், 550 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணம் எதுவானாலும் நேர்த்தூரத்தோடு 50 கிலோமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. லண்டன் – பாரிஸ் பயணத்துக்கு அது ஏழில் ஒரு பங்கு.

மூன்றாவது, தரை. அட்டவணை நேரம் விமானம் எழுவதிலிருந்து இறங்குவது வரை அல்ல. வாயிலிலிருந்து பின்னோக்கி நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுமுனையில் நிறுத்தத்தில் நிற்கும் கணம் வரை. விமானத் துறையில் இதைப் 'பிளாக் டைம்' என்பார்கள். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 ஏற்ற இறக்கங்கள் வரை அனுமதி. அந்த வரம்பை ஒட்டியே நிலையம் இயங்குகிறது. வரிசையில் நிற்காமல் கிளம்புவது அபூர்வம். சார்ல் த கோலில் நான்கு ஓடுபாதைகள் இருந்தாலும் நிலையம் மிகப் பெரியது. தரை தொட்ட பிறகு வாயிலை அடையவே பத்து நிமிடத்துக்கு மேல் உருள வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது ஹீத்ரோவைச் சுற்றியுள்ள பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஆகிய நான்கு காத்திருப்பு வட்டங்களில் ஒன்றில் சுற்ற நேரலாம். இவற்றோடு, வானம் நெரிசலாக இருக்கும் நாளில் பிரஸ்ஸல்ஸிலுள்ள யூரோகன்ட்ரோல் அமைப்பு, இன்ன நிமிடத்தில்தான் எழ வேண்டும் என்று நேரம் ஒதுக்கும். கதவு சாத்திய விமானம் அந்த நிமிடத்துக்காகக் காத்திருக்கும்.

நான்காவது, நிறுவனங்களின் முன்ஜாக்கிரதை. அட்டவணைப்படி 15 நிமிடத்துக்குள் வந்தால் அது 'சரியான நேரம்' என்று கணக்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இல்லாதபட்சத்தில், 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் எண் ஒழுங்குவிதி. பிரிட்டனிலும் அதை ஒட்டிய சட்டம் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து, அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டியே போடும் பழக்கத்தை உருவாக்கிவிட்டன. பத்து நிமிடம் முன்னதாக வந்து இறங்கிவிட்டோம் என்று விமானி அறிவிக்கும்போது, அந்தப் பத்து நிமிடமும் பெரும்பாலும் அட்டவணை போட்டவர் முன்பே சேர்த்து வைத்ததுதான்.

காற்று இதில் எவ்வளவு? பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. மேற்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும், தென்கிழக்காகப் போகும் பாதையில் அதன் பாதி மட்டுமே உதவும். கணக்குப் போட்டால் போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் பயணத்தில் ஒரு மணி நேரத்தையே விழுங்கும் காற்று, இங்கே வரிசையில் நிற்கும் நேரத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

கடிகாரம் காட்டும் மாயம்

இந்த வழியில் முதன்முதலாகச் சீட்டு வாங்குபவரைக் குழப்புவது இன்னொன்று. லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் பாரிசை 12.20க்கு அடைவதாகப் போட்டிருக்கும். பாரிஸில் 10 மணிக்குக் கிளம்புவது லண்டனை 10.20க்கே அடைந்துவிடும். போக இரண்டு மணி இருபது நிமிடம், வர இருபது நிமிடம் என்று தோன்றும். பாரிஸ் கடிகாரம் ஆண்டு முழுவதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதுதான் காரணம்.

சூரியனைக் கேட்டால் இந்த ஒரு மணி நேரம் செல்லாது. பாரிஸ் வானாய்வகம் கிரீனிச்சுக்கு 2 பாகை 20 நிமிடம் கிழக்கே இருக்கிறது. உச்சி வெயில் அங்கே 9 நிமிடம் 21 வினாடிதான் முன்னதாக வரும். 1911 வரை பிரான்ஸ் தன் சொந்தப் பாரிஸ் நேரத்தையே வைத்திருந்தது. அந்த ஆண்டில் கிரீனிச் நேரத்துக்கு மாறியபோதும் கிரீனிச் என்ற பெயரைச் சொல்ல மனமில்லாமல், 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 வினாடி பின்தள்ளியது' என்றே சட்டத்தில் எழுதிக்கொண்டது. 1940இல் நுழைந்த ஜெர்மானியப் படை கடிகாரத்தைப் பெர்லின் நேரத்துக்குத் தள்ளியது. போர் முடிந்து படை போய்விட்டது. நேரம் மட்டும் தங்கிவிட்டது. இன்றைய அட்டவணையில் தெரியும் அந்த ஒரு மணி நேரம் போரின் மிச்சம். பயண நேரம் கணக்கிடுபவர் அதைக் கழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கடலுக்கு அடியில்

தரைவழியின் கதை வேறு வகையானது. 1920களின் 'கோல்டன் ஆரோ' ரயிலும் அதன் பிரெஞ்சு இணையும் நடுவில் கப்பலையும் சேர்த்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டன. 1936இலிருந்து 1980 வரை ஓடிய 'நைட் ஃபெரி'யில் படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டு சென்றார்கள். சுரங்கம் தோண்டும் எண்ணம் அதற்கும் முந்தியது. 1880களின் தொடக்கத்தில் இரு கரைகளிலும் சோதனையாகத் தோண்டவும் செய்தார்கள். அந்நியப் படை அதன் வழியே வந்துவிடும் என்ற அச்சத்தில் பிரிட்டன் நிறுத்திவிட்டது. 1975இல் பணச் சுமையைக் காட்டி இன்னொரு முறை கைவிட்டது.

கடைசியில் 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தை எலிசபெத் ராணியும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் 1994 மே 6ஆம் தேதி திறந்து வைத்தார்கள். அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். அந்த நவம்பரில் யூரோஸ்டார் ரயில் ஓடத் தொடங்கியது. பயணம் மூன்று மணி நேரம். பிரான்ஸில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில், கென்ட் மாவட்டத்தில் உள்ளூர் ரயில்களோடு பழைய பாதையைப் பங்கிட்டுக்கொண்டு வாட்டர்லூவுக்கு ஊர்ந்து வந்தது. பிரிட்டன் தன் பக்கத்து அதிவேகப் பாதையை இரண்டு கட்டமாகவே முடித்தது. 2003இல் முதல் பகுதி திறந்ததும் நேரம் 2 மணி 35 நிமிடமாகக் குறைந்தது. 2007 நவம்பர் 14ஆம் தேதி செயின்ட் பான்க்ராஸ் நிலையத்துக்கு மாறியதும் இரண்டேகால் மணியானது. அதற்குச் சற்று முன், அந்தச் செப்டம்பரில், ஒரு சோதனை ரயில் பாரிஸிலிருந்து லண்டனுக்கு 2 மணி 3 நிமிடம் 39 வினாடியில் வந்து சேர்ந்தது. அந்தச் சாதனை அட்டவணைக்குள் வரவே இல்லை.

1919இல் விமானம் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இன்றைய ரயில் எடுத்துக்கொள்கிறது. லண்டன் – பாரிஸ் ஒருகாலத்தில் உலகின் மிக நெரிசலான பன்னாட்டு விமான வழிகளில் ஒன்று. சுரங்கம் வந்த பின் அந்த இடம் போய்விட்டது. இரு நகரங்களுக்கு இடையே மட்டும் பயணம் செய்பவர்களில் பெரும்பாலானோர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். இன்று விமானத்தில் இருப்பவர்களில் கணிசமானோர் வேறு கண்டங்களிலிருந்து வந்து, அல்லது வேறு கண்டங்களுக்குப் போக, ஹீத்ரோவிலோ சார்ல் த கோலிலோ மாறுகிறவர்கள்.

வாசலிலிருந்து வாசல்

மையத்திலிருந்து மையத்துக்குப் போக உண்மையில் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் வேண்டும்? இதற்கு ஒரு தடவை போட்டியே வைத்தார்கள். பிரெஞ்சு விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 1959 ஜூலையில் டெய்லி மெயில் நாளிதழ் லண்டனின் மார்பிள் ஆர்ச்சிலிருந்து பாரிசின் வெற்றி வளைவு வரை யார் முதலில் போவது என்று பந்தயம் நடத்தியது. விமானப் படை அதிகாரி சார்ல்ஸ் மாஹன் வென்றார். மோட்டார் சைக்கிள், ஹெலிகாப்டர், ஹன்டர் போர் விமானம், மறுபடி ஹெலிகாப்டர், மறுபடி மோட்டார் சைக்கிள். மொத்தம் 40 நிமிடம் 44 வினாடி. அவருக்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை, பெட்டிக்குக் காத்திருப்பு இல்லை, ஊருக்கு வெளியே இருக்கும் நிலையத்துக்குப் போகும் ரயிலும் இல்லை. வேகமான விமானத்தைக் காட்டிலும், அதன் இரு முனைகளிலும் இருந்த தாமதத்தை நீக்கியதே அந்த வெற்றியின் ரகசியம்.

சாதாரணப் பயணிக்கு அந்த முனைகளே பயணத்தின் பெரும்பகுதி. ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து லா சப்பல் வரை ரயிலில் போகிறவர் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி பாதையில் நேரே கிங்ஸ் கிராஸ் செயின்ட் பான்க்ராஸில் இறங்கலாம், 40 நிமிடம். சோதனைகளுக்கு ஒன்றேகால் மணி. ரயிலில் இரண்டேகால் மணியும் சில நிமிடங்களும். பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால்தான் தமிழ்க் கடைத்தெரு, நடந்தே போய்விடலாம். மொத்தம் நாலரை மணி நேரம். இதே குடும்பம் ஹீத்ரோ வழியாகப் போனால், நகரத்தை முழுக்கக் குறுக்கே கடக்க ஒன்றரை மணி, நிலையத்தில் ஒன்றே முக்கால் மணி, விமானம் ஒரு மணி இருபது நிமிடம், கடவுச்சீட்டு வரிசையும் நடையும் முக்கால் மணி, பின் ஆர்.இ.ஆர். புறநகர் ரயிலும் நடையுமாக 50 நிமிடம். ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

வீடு மாறினால் விடையும் மாறும். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் வசிப்பவர், தமிழர்கள் நிறைய வாழும் லா கூர்நோவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் அவருக்கு இருபது நிமிடம். லா கூர்நோவ், சார்ல் த கோலிலிருந்து பாரிசுக்கு வரும் ஆர்.இ.ஆர். பி பாதையிலேயே இருக்கிறது. விமானத்தில் நான்கே முக்கால் மணிக்குள் போய்விடுவார். ரயிலைப் பிடிக்க லண்டன் நடுவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழித்தால் ஐந்து மணியைத் தாண்டும்.

எல்லைக் காவலும் இந்தக் கணக்கை மாற்றுகிறது. ரயில் பயணியின் கடவுச்சீட்டைப் பிரெஞ்சு அதிகாரி செயின்ட் பான்க்ராஸிலேயே சோதித்துவிடுவார். பாரிஸில் இறங்கி நேரே தெருவுக்கு நடக்கலாம். விமானப் பயணி இறங்கிய பின் வரிசையில் நிற்க வேண்டும். பிரிட்டன் ஷெங்கன் உடன்பாட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டும் வெளியேறிய பின் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்களுக்கே சோதனை கூடிவிட்டது. 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவருக்கு இந்த 344 கிலோமீட்டர் இரண்டு தனித்தனி விசாக்களின் தூரம். அவர்கள் பயணத்தை மணியில் எண்ணுவதில்லை, வாரங்களில் எண்ணுகிறார்கள்.

பணமும் புகையும்

நேரத்துக்கு அடுத்து இரண்டு கணக்குகள். சுரங்கத்தில் அதிவேகப் பயணி ரயிலை 1994 முதல் யூரோஸ்டார் மட்டுமே ஓட்டி வருகிறது. கடைசி நேரத்தில் சீட்டு எடுப்பவருக்குக் கட்டணம் சுடும். மலிவு விமானங்கள் சில நாட்களில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் பெட்டிக்கான கட்டணத்தையும் நிலையத்துக்குப் போய்வரும் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். எட்டு ஒன்பது மணி நேரம் கையில் இருப்பவருக்குப் பேருந்து எல்லாவற்றையும்விட மலிவு.

புகைக் கணக்கில் போட்டியே இல்லை. விமானம் எரிபொருளை அதிகமாக எரிப்பது மேலேறும்போது. இவ்வளவு குறுகிய பயணத்தில் பெரும்பகுதியும் ஏற்றமும் இறக்கமுமே. மின்சாரத்தில் ஓடும் யூரோஸ்டாரின் புதிய வகை ரயில் ஒன்று ஏறத்தாழ 900 பேரைச் சுமக்கும். ஐந்து ஏ320 விமானங்கள் செய்யும் வேலை அது. பிரான்ஸின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருவதால் கரியமிலச் சுமையும் குறைவு. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் கூடாது என்று பிரான்ஸ் 2021இல் சட்டம் செய்து 2023இல் நடைமுறைப்படுத்தியது. ஓர்லியிலிருந்து போர்தோ, நாந்த், லியோன் செல்லும் விமானங்கள் நின்றன. லண்டன் ரயிலும் இரண்டரை மணிக்குள் வந்துவிடுகிறது. ஆனால் சட்டம் உள்நாட்டு வழிகளுக்கு மட்டுமே என்பதால் லண்டன் விமானங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.

எதை நம்புவது?

இவ்வளவையும் எடை போட்டுப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, நேர்த்தூரம் புவியியலாளருக்கும் எரிபொருள் கணக்கெழுதுபவருக்கும் உதவும். பயணிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இரண்டு, விமான நேரம் என்று விளம்பரத்தில் வருவது மொத்தப் பயணத்தில் கால் பங்கு மட்டுமே. நூறாண்டில் வானில் கழியும் நேரம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. அதில் மிச்சமானதைத் தரையிலுள்ள வரிசைகள் தின்றுவிட்டன. மூன்று, நல்ல அதிவேக ரயில் பாதை இருக்கும் இடத்தில், முந்நூறு நானூறு கிலோமீட்டர் பயணத்துக்கு ரயிலே முதல் தேர்வு. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவருக்கும், வேறு விமானத்திலிருந்து மாறி ஏறுபவருக்கும் மட்டுமே விமானம் பொருந்தும்.

எனவே லண்டனிலிருந்து பாரிசுக்குச் சீட்டு எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வீட்டிலிருந்து நிலையம், நிலையத்தில் காத்திருப்பு, வண்டியில் இருக்கும் நேரம், எல்லை வரிசை, அங்கிருந்து போய்ச் சேர வேண்டிய வாசல். ஐந்தையும் கூட்டி, கடிகாரத்தின் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உங்களுக்கும் பாரிசுக்கும் உள்ள தூரம்.